ஓய்வுக்கும் ஊதியம் உண்டு

மணப்பாட்டுக் கடற்கரையில் வளர்ந்த எனக்கு ஓய்வு என்றதும் ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வருகிறது. அன்று எங்கள் ஊர்ப் படகுகள் கரையில் நிற்கும்; திருச்சிலுவை ஆலய மணி ஒலிக்கும். ஆனால் கடலுக்குப் போகாத நாளுக்கு எவருக்கும் பங்கு கிடையாது. முத்துக்குளித்த காலத்திலும் குளிப்பவருக்குக் கிடைத்தது எடுத்த சிப்பிகளில் ஒரு பங்கே. ஆகவே, உழைக்காத நாளுக்குக் கூலியா என்று எங்கள் ஊரார் வியப்பது இயல்பே.

ஆலைத் தொழிலில் முறை வேறு. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர், வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் வழிகாட்ட, வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு வார விடுமுறையும் அவர்கள் கேட்டார்கள், இரண்டையும் பெற்றார்கள். ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பைத் தொழிற்சாலைகள் சட்டம் 1948 வரையறுத்தது. ஓராண்டில் 240 நாள் உழைத்தவருக்கு, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் விடுப்பு என்பது அதன் விதி.

அச்சட்டம் நடப்பில் இருந்தபோது, என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் ஒரு மே மாதத்தில் என் வீட்டுக்கு வந்தான். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தான். தந்தையின் வலைக்கடன் அவன் தலையில் இருந்தது. “விடுப்புப் பணம் கேட்டேன், சார். நீயாக விலகினாய், உனக்கு ஒன்றும் கிடையாது என்கிறார்கள்” என்றான்.

சட்டம் அவ்வாறு கூறவில்லை. நீக்கப்பட்டவருக்கும் தாமே விலகியவருக்கும் எஞ்சிய விடுப்புக்கு ஊதியம் உண்டு. விலகும் ஆண்டில் 240 நாள் நிறையவில்லை என்பதும் தடையன்று. இருவரும் கணக்கிட்டோம். சென்ற ஆண்டு அவன் உழைத்தது 280 நாள், விடுப்பு 14. எடுத்தது 4; மீதி 10. நடப்பாண்டில் உழைத்த 100 நாளுக்கு 5. ஆக 15 நாள். நாளுக்கு ரூ.500 வீதம் ரூ.7,500.

கூலிச் சீட்டுகளின் நகல்களை இணைத்து, கணக்கை விளக்கி, ஒப்புகைச் சீட்டுடன் கடிதம் அனுப்பினான். பதில் வரவில்லை. கொடுபடாத விடுப்பு ஊதியத்தை, தாமதிக்கப்பட்ட ஊதியமாகவே கருதி, ஊதியம் வழங்கல் சட்டம் 1936-இன் வழியே வசூலிக்கலாம் என்பது அன்றைய ஏற்பாடு. அதன்படி மனுவை எழுதி, முதலில் ஆய்வாளரிடம் காட்டினான். அவர் விசாரித்த பிறகு முழுத் தொகையும் வந்து சேர்ந்தது.

இன்று அச்சட்டங்களின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. 240 நாள் என்பது 180 ஆகக் குறைந்துள்ளது. விலகியவருக்குச் சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தரவேண்டும். தராவிடில், ஊதியக் கோரிக்கை மனு அளிக்க மூன்றாண்டு காலம் உண்டு. தொழிலாளி தாமே மனு அளிக்கலாம். அவர் சார்ந்த தொழிற்சங்கமும் அளிக்கலாம்.

நீங்கள் நாளை வேலைக்குச் செல்வீர்கள். கூலிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். விடுப்புக் கணக்கை நீங்களும் எழுதி வாருங்கள். பெறாத பணத்தைப் பெற்றதாகக் கையொப்பம் இடாதீர்கள்.

அந்த இளைஞன் அன்று என்னிடம் கேட்டான்: “கேட்பது பிச்சையாகாதா, சார்?” என் நெஞ்சு சுட்டது. அவனுக்குப் புணர்ச்சி விதிகளைக் கற்பித்த நான், கூலிச் சீட்டைப் படிக்கக் கற்பிக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இன்று உங்களிடம் பேசினேன். உழைத்துச் சேர்த்த ஓய்வின் விலையைக் கேட்பது பிச்சையன்று. கடனைத் திருப்பிக் கேட்பதாகும்.