பிராம்லி ஆப்பிளும் அதன் தாய்மரமும்

ஆப்பிள் என்றதும் அப்படியே கடித்துண்ணும் செங்கனியே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அடுக்களைக்கென்றே ஆங்கிலேயர் போற்றி வளர்க்கும் ஆப்பிள் ஒன்று உண்டு. பசுமை நிறமும் பருத்த உருவும் கொண்ட அக்கனியின் பெயர் பிராம்லி. சமைக்காமல் தின்றால் பல் கூசும். அந்தப் புளிப்பே அதன் பெருமை.

இனிப்பு ஆப்பிள்கள் பலவற்றின் சுவை அடுப்பேறியதும் மங்கிவிடும். மாலிக் அமிலம் மிகுந்த பிராம்லியோ, சர்க்கரையோடு வெந்த பின்னும் தன் சுவையை இழப்பதில்லை. சதை குழைந்து நுரைபோல் பொங்குகிறது. மாவுப் போர்வைக்குள் வைத்துச் சுடும் 'பை' என்னும் பண்டத்துக்கும், இறைச்சியுடன் பரிமாறும் கூழுக்கும் இதனையே நாடுகின்றனர். நடுப்பகுதியைக் குடைந்தெடுத்து, உலர்திராட்சையும் சர்க்கரையும் அடைத்து, முழுக்கனியாகச் சுடுவதும் உண்டு. குளிர்ந்த இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

இக்கனி பிறந்த ஊர் நாட்டிங்காம்சயரிலுள்ள சவுத்வெல். 1809ஆம் ஆண்டில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்னும் சிறுமி அங்கே ஆப்பிள் விதைகளை ஊன்றினாள், ஒன்று மரமாயிற்று. 1846இல் அவ்வீட்டை மேத்யூ பிராம்லி என்னும் இறைச்சி வணிகர் வாங்கினார். பத்தாண்டு கழித்து, ஹென்றி மெர்ரிவெதர் என்னும் நாற்றுப்பண்ணையார் ஒட்டுக்கட்டக் குச்சிகள் கேட்டார். கனிக்குத் தம் பெயரைச் சூட்டுவதானால் தருவதாக வணிகர் இசைந்தார். ஊன்றியவளை விட்டு, வீட்டை வாங்கியவர் பெயரையே கனி தாங்கிற்று! இது முறையோ என நாம் வினவலாம். ஆயினும் குச்சி தர அவர் மறுத்திருப்பின் அம்மரம் அத்தோட்டத்தோடு முடிந்திருக்கும்.

ஏனெனில் ஆப்பிள் விதை தாய்க்கனியை அப்படியே ஈன்று தருவதில்லை. ஒவ்வொரு விதையும் ஒரு புதுவகை. ஆகவே, இன்றுள்ள பிராம்லி மரங்கள் யாவும் அந்த ஒரே மரத்தின் கிளைகளே எனலாம். இவ்வகையின் உயிரணுவில் வழக்கமான 34க்கு மாறாக 51 நிறமூர்த்தங்கள் இருப்பதால் இதன் மகரந்தமும் பிற மரங்களுக்குப் பெரிதும் உதவாது. அருகில் வேறு வகை மரங்கள் நின்றால்தான் தானும் நன்கு காய்க்கும்.

1876இல் அரச தோட்டக்கலைக் கழகக் காட்சியில் பாராட்டுப் பெற்ற இக்கனி, நாடெங்கும் பரவியது. வட அயர்லாந்தின் ஆர்மா பகுதிப் பிராம்லிக்கு 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு அளித்தது.

தாய்மரமோ 1900இல் புயலில் சாய்ந்தது. சாய்ந்த மரமே மீண்டும் துளிர்த்துக் காய்த்தது. பிற்காலத்தில் அதனைத் தேன்பூஞ்சை நோய் பற்றிற்று, அதற்கு மருந்தில்லை. மரம் மடியுமுன் நாட்டிங்காம் பல்கலைக்கழக அறிவியலார் அதன் திசுக்களை எடுத்துக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்துப் புதுக்கன்றுகள் ஆக்கினர்.