உஷார்! பளிச்சென்று இருக்கும் கணக்கு நோட்டை நம்பாதீர்கள்

காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. இன்று ராத்திரியே கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். அடித்தல் திருத்தல் இல்லாமல் பக்கத்துக்குப் பக்கம் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கைடைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால்தான் கணக்கு அத்தனை சுத்தமாக வரும்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் இருந்தவரை, புத்தகக் கணக்கை மனப்பாடம் பண்ணியே கரையேறியவர்கள் உண்டு. இப்போது அது நடக்காது. 2025 முதல் காரைக்கால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு. கணக்குத் தாளுக்கு 80 மதிப்பெண். கிட்டத்தட்ட பாதிக் கேள்விகள் படித்ததைப் புதிய இடத்தில் பயன்படுத்தத் தெரிகிறதா என்று பார்ப்பவை.

அவர்கள் பாடநூலிலேயே இருக்கும் கணக்கு ஒன்று. கலங்கரை விளக்கத்தின் உயரம் 75 மீட்டர். உச்சியிலிருந்து பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கப்பல்கள். இறக்கக் கோணம் 45 பாகை, 30 பாகை. இடையே எவ்வளவு தூரம்? கிட்டே இருப்பது 75 மீட்டரில், எட்ட இருப்பது சுமார் 130 மீட்டரில். வித்தியாசம் ஏறக்குறைய 55. பிள்ளை கடகடவென்று ஒப்பித்துவிடும். இப்போது திருப்பிக் கேளுங்கள்: "கப்பலுக்குக் கப்பல் 60 மீட்டர், கோணம் அதேதான். விளக்கு எவ்வளவு உயரம்?" பேனா அங்கேயே நின்றால், அந்தப் பாடம் இன்னும் படிக்கப்படவில்லை.

ஆபத்து என்னவென்றால், படிக்கிற பிள்ளைக்கே இது தெரியாது. அமெரிக்காவில் ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போட்டது. இன்னொன்று வகைகளைக் கலந்து போட்டது. பயிற்சியின்போது வரிசைக் குழு 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வரிசைக் குழு 20க்கு விழுந்தது, மற்றவர்கள் 63. 'ஒரே நாளில் ஒரு பாடத்தை முடித்துவிட்டேன்' என்று பிள்ளை சொன்னால் பயப்பட இதுதான் காரணம். பொதுத்தேர்வில் இது எந்தப் பாடத்துக் கணக்கு என்று யாரும் தலைப்புப் போட்டுத் தர மாட்டார்கள்.

ஆகவே மூன்று நாலு பாடங்களைக் கலந்து, கைடை மூடி, வெள்ளைத்தாளில் போடச் சொல்லுங்கள். தப்பு வந்ததை அழிக்க வேண்டாம். அடுத்த வாரம் அதையே மறுபடி போடட்டும். யூடியூபில் தீர்வு பார்ப்பது தப்பில்லை, பார்த்துவிட்டு எழுந்து போவதுதான் தப்பு.

"ராமானுஜன் படியெல்லாமா எழுதினார்?" என்று மடக்கும் பிள்ளைகளும் உண்டு. கும்பகோணத்துக்காரர் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்தார், சரி. பின்னால் அவர் எழுதியதைப் படிக்கக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி கிடைத்தார். இங்கே தாள் திருத்துகிறவர் படிக்குப் படிதான் மதிப்பெண் போடுவார்.

மே மாதத்தில் இரண்டாம் தேர்வு இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். 2026இல் வந்த ஏற்பாடு அது. முதல் தேர்வை எல்லோரும் எழுதியாக வேண்டும், இரண்டாவதில் மூன்று பாடங்கள் வரைதான். முதல் தேர்வுக்கே பிள்ளை தயாராகக் கணக்கு தெரியாத அப்பா அம்மாவும் உதவலாம். கைடு உங்கள் கையில் இருக்கட்டும், "ஏன் இப்படிப் போட்டே?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். பதில் தடுமாறுகிற வரியைப் பென்சிலால் சுழித்து, மறுநாள் வகுப்பில் டீச்சரிடம் அதை மட்டும் கேட்டு வரச் சொல்லுங்கள்.