நர்சு ஏன் சிடுசிடுக்கிறார்?

"சிஸ்டர், குளுக்கோஸ் தீரப்போகுது!"

"சிஸ்டர், வலி தாங்க முடியலே!"

மும்பையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் பொது வார்டுக்கு இரவில் போனவர்களுக்கு இந்தக் குரல்கள் பழக்கமானவை. கூப்பிடுபவர்கள் பலர். ஓடுகிறவர் பெரும்பாலும் ஒருவர்தான்.

அவர் சற்றுக் கடிந்து பேசிவிட்டால் போதும். "எவ்வளவு திமிர் பார்த்தாயா!" என்று உறவினர்கள் ஏசுகிறார்கள்.

அது திமிர் அல்ல, களைப்பு!

5 பேருக்கு ஒருவர்

போதனை ஆஸ்பத்திரியின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு நர்சு வேண்டும். மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 பேருக்கு ஒருவர். இது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. நடைமுறையில், இரவு டியூட்டியில் 20, 30 நோயாளிகளை ஒரே நர்சு கவனிக்கும் வார்டுகள் பல உண்டு.

ஊசி, மருந்து மட்டுமா வேலை? போர்வை, தலையணை உறை எண்ண வேண்டும். மருந்து இருப்பை எழுத வேண்டும். ஸ்டிரெச்சர் தள்ள வார்டு பாயைத் தேட வேண்டும். நோயாளி இறந்தால், ஆத்திரப்படும் கூட்டத்தின் முன் முதலில் நிற்பவரும் அவரே.

டியூட்டி முடிந்து லோக்கல் ரெயிலில் வீடு போனால், அங்கே அடுப்பு காத்திருக்கிறது.

உயிருக்கும் ஆபத்து

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆராய்ச்சி 2002-ல் வெளிவந்தது. ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அவர் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. வேலையில் வெறுப்பு 15 சதவீதம் கூடுகிறது. ஆபரேஷன் செய்துகொண்டவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடுகிறது!

ஆகவே நர்சின் களைப்பு அவர் சொந்த விஷயம் அல்ல. கட்டிலில் கிடப்பவரின் உயிர் விஷயம்.

கலிபோர்னியா மாநிலம் இதற்குச் சட்டமே போட்டது. ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்ற வரம்பு 2004-ல் அங்கே அமலுக்கு வந்தது.

சம்பளம்

சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் மாதம் ரூ.20 ஆயிரத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்று குழு கூறியது. பல சிறிய நர்சிங் ஹோம்களில் அது ஏட்டோடு நிற்கிறது.

அடுத்த முறை வார்டில் கோபம் வந்தால் நர்சிடம் காட்டாதீர்கள். "இன்று இரவு இந்த வார்டுக்கு எத்தனை நர்சு?" என்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.

பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.