ஆசுகவியும் ஜாஸ் இசையும்

“பண்டிதர் ஐயா, இன்று மாலை ஓரிடத்துக்கு என்னோடு வரவேண்டும்.”

வெள்ளவத்தையில் என் இல்லத்துக்கு வந்து இவ்வாறு அழைத்தார் என் பழைய மாணாக்கர் ஒருவர். இங்கிலாந்திலிருந்து வந்துள்ள ஐவர் கொழும்பிலே ஒரு சிறு கழகத்தில் ஜாஸ் வாசிக்கின்றனர் என்றும், ஐவருமே எழுபதைத் தொட்ட முதியோர் என்றும் கூறினார்.

நான் தயங்கினேன். தேவாரப் பண்ணும் நாதஸ்வரமும் கேட்டுப் பழகிய செவி என்னுடையது. இளமையிலே கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த காலத்தில், அயல்வீட்டில் மேனாட்டு இசைத்தட்டு சுழலத் தொடங்கினால் எங்கள் வீட்டு யன்னல் சாத்தப்படும். ஆயினும் அழைத்தவர் முகத்தைப் பார்த்தபோது மறுக்க மனம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னர்க் கூறுவேன்.

சிறிய மண்டபம்; மங்கிய ஒளி. எங்கள் மேசையிலே தேசிக்காய்த் தண்ணீர் இரண்டு கிண்ணம். மேடையிலே எக்காளம், சாக்சபோன், பியானோ, ஆளுயரமான தந்திக்கருவி ஒன்று, முழவுத் தொகுதி. ஐவரும் சேர்ந்து ஒரு மெட்டை ஒருமுறை வாசித்தனர். அது நம் பல்லவி போன்றது. அதன்பின் ஒவ்வொருவராக எழுந்து, அம்மெட்டின் கட்டுக்குள் நின்றே, முன் எழுதிவையாத புதுமெட்டுக்களை அந்தக் கணத்திலே படைக்கலாயினர். சாக்சபோன் இசைப்பவர் ஒரு சுற்றை முடித்த இடத்திலே பியானோக்காரர் அவர் இறுதிச் சொல்லைப் பற்றிக்கொண்டு தம் சுற்றைத் தொடங்கினார். இசையில் ‘சொல்’ ஏது என்பீர்கள். எனக்கு அது சொல்லாகவே கேட்டது.

அப்பொழுதுதான் என் உள்ளத்தில் ஒன்று பளிச்சிட்டது: இஃது ஆசுகவி!

ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவி நால்வகைப்படும் என்று மாணாக்கருக்கு ஆண்டுதோறும் படிப்பிக்கிறேன். ஈற்றடியைக் கொடுத்தவுடன் வெண்பாவை இறக்கிவைக்கும் வல்லமையாற் புகழ்பெற்றவர் காளமேகப் புலவர். அங்கே அடி நான்கு. தளை பிறழக் கூடாது. நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிதல் வேண்டும். கட்டு இறுகியிருப்பதனாலேயே உடனே பாடுவது வியப்பாகின்றது. ஜாசிலும் அவ்வாறே. ‘புளூஸ்’ என்னும் வகையிலே பெரும்பாலும் நான்கு அடி கொண்ட பன்னிரண்டு தாளக்கட்டு, ஆக 48 அடி ஒரு சுற்று. அச்சுற்றில் இன்ன இடத்தில் இன்ன சுரக்கூட்டு வரும் என்பது வரையறை. நம் வித்துவான் இராகத்தின் ஆரோகண அவரோகணத்துக்குக் கட்டுப்படுகிறார். அவர்களோ கணந்தோறும் மாறிச் செல்லும் சுரக்கூட்டுக்குக் கட்டுப்படுகின்றனர். கட்டு வேறு, கட்டுக்குள் நின்று பெறும் விடுதலை ஒன்றே.

நிற்க. இது வெள்ளையர் இசை என்று எண்ணியிருந்த என் பிழையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொணரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே வளர்த்தெடுத்த இசை இது. ஆங்கிலேயருக்கும் இது கடல் கடந்து வந்ததே. தொழிற்சங்கப் பிணக்கு ஒன்றினால் 1930களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அமெரிக்க இசைக்குழுக்கள் இங்கிலாந்தில் வாசிப்பது பெரும்பாலும் தடைப்பட்டிருந்தது. ஆர்வம் மிக்க இளைஞர் இசைத்தட்டுக்களைக் கேட்டுப் பயின்றனர். சிலர் அத்திலாந்திக் கடலைக் கடக்கும் கப்பல்களிலே வாத்தியக்காரராக வேலை பெற்று, நியூயோர்க்கில் இறங்கி, நேரிற் கேட்டு மீண்டனர். அவ்வாறு சென்ற ரொனி ஸ்கொட் என்பவரே 1959 ஒக்டோபர் 30இல் இலண்டன் ஜெராட் வீதியில் ஒரு நிலவறையிலே புகழ்மிக்க தம் கழகத்தைத் திறந்தார். 1965இல் அது பிரித் வீதிக்குப் பெயர்ந்தது. கேள்விக்காகக் கப்பலேறிய அவர்கள் எங்கே, யன்னலைச் சாத்திய யாம் எங்கே!

கொழும்பு மாநகருக்கும் இவ்விசை புதிதன்று. 1958இல் டேவ் புரூபெக் தம் நால்வர் குழுவுடன் இங்கு வந்து வாசித்தார். அதே பயணத்திலே சென்னையில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் கூடி இசைத்தார். அக்குழுவின் சாக்சபோன் கலைஞர் போல் டெஸ்மண்ட் ஆக்கி, 1959இல் இசைத்தட்டாக வெளிவந்த ‘டேக் ஃபைவ்’ ஐந்து அடித் தாளத்தில் அமைந்தது. ஐந்து என்றால் நம்மவர்க்குக் கண்டம். தவில்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது தாலாட்டு. 1963இல் டியூக் எலிங்டன் தம் பெருங்குழுவுடன் இங்கு வந்தார். அதற்கு முந்திய ஆண்டிலே, கொழும்பில் வளர்ந்த யொலாண்ட பவான் என்னும் பாடகி அமெரிக்காவின் பெயர்பெற்ற மூவர் பாடற்குழுவில் ஒருவராகச் சேர்ந்திருந்தார்.

மீண்டும் மண்டபத்துக்கு வருவோம். ஐவருள் மூத்தவர் எக்காளம் ஊதியவர். மூச்சு முன்போல் இல்லை என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. பத்துச் சுரம் வரவேண்டிய இடத்தில் அவர் மூன்றே ஊதினார்; எஞ்சியதை மௌனமாக விட்டார். மற்ற நால்வரும் அம்மௌனத்தை நிரப்ப முயலவில்லை, காத்துநின்றனர். சுருங்கச் சொல்லல் என்னும் அழகை நன்னூலிற் படிப்பித்திருக்கிறேன். அன்றுதான் அதனைக் காதாற் கேட்டேன். இசைத்தட்டிலே கேட்டிருந்தால் அம்மூன்று சுரம் குறையாகத் தோன்றியிருக்கலாம். அவர் முகத்தையும், காத்துநின்ற நால்வரையும் நேரிற் கண்டமையால் அது நிறைவாயிற்று.

பின்னர் முழவுக்காரரும் மற்றையோரும் நான்கு நான்கு தாளக்கட்டாக மாறிமாறி வினாவும் விடையுமாய் இசைத்தனர். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் உரையாடுவது போன்றே இருந்தது. அவ்வேளை மேசைமேல் மெல்லிய ஓசை. திரும்பினேன். என் மாணாக்கரின் விரல்கள் தாமாகவே தட்டிக்கொண்டிருந்தன. நான் பார்ப்பதைக் கண்டதும் கையைச் சட்டென்று மடியில் ஒளித்துக்கொண்டார், நாற்பது வயதைக் கடந்த அம்மனிதர்.

முன்னே கூறாது விட்ட காரணம் இதுதான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், திருப்புகழ் நடத்திய வகுப்பிலே அவர் மேசையைத் தட்டினார். “இதென்ன ஜாஸ் கூத்தா?” என்று வகுப்பு முழுவதும் நகைக்க ஏசி, வெளியே நிறுத்தினேன். அதன்பின் அவர் தமிழ்ப் பாடத்தில் வாய்திறந்ததில்லை.

“தம்பி, அன்று என்ன தட்டினீர்?” என்று கேட்டேன்.

“நீங்கள் படித்த பாட்டின் சந்தத்தைத்தான், ஐயா” என்றார். குரலிற் குறை ஏதும் இல்லை. அதுவே எனக்கு மிகுந்த வருத்தமாயிற்று. ஆண்டு பலவாகச் சந்தக் குழிப்பைக் கரும்பலகையில் எழுதிக்காட்டிய ஆசிரியன், அதனைச் செவியால் உணர்ந்த ஒரே பிள்ளையை வாசலிலே நிறுத்தினேன். பின் அவர் மிருதங்கம் பயிலவில்லை; கணக்காளரானார்.

“கையை எடுத்துத் தட்டும்” என்றேன். தட்டினார். இசை முடியுமட்டும் யானும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆசிரிய நண்பர்களே, யாப்பைக் கண்ணால் அளக்கப் பழக்குகின்றோம். அது செவிக்குரியது என்பதை மறந்துவிட்டோம். இப்பொழுது என் வகுப்பிலே சந்தப் பாடம் நடக்கும் நாளில் மாணவர் மேசையைத் தட்டலாம். அடுத்த வகுப்பாசிரியர் சத்தம் என்று முறையிட்டால், குற்றம் என்னுடையதே என்று சொல்லிக்கொள்கிறேன்.