கல்லோடு ஈரலையும் ஏன் வெட்டுகிறார்கள்?

பித்தப்பையில் கல் என்றால் பையோடு எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அத்தோடு தொல்லை தீர்ந்தது. கல்லீரலுக்குள் கிளைவிட்டு ஓடும் பித்தநாளங்களிலேயே கல் சேர்வது வேறு நோய். சீனா, தைவான், கொரியா பக்கம் அதிகம். ஹாங்காங் பல்கலைக்கழக அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் டிக்பி 1930-இல் இதைப் பற்றி எழுதினார்; பிற்பாடு ‘ஹாங்காங் நோய்’ என்றே பேர் வந்துவிட்டது.

இந்தக் கற்கள் பழுப்பு நிறம். விரலால் நசுக்கினாலே உதிரும். குடலிலிருந்து ஏறிவரும் பாக்டீரியா பித்தத்தில் கரைந்திருக்கும் பிலிரூபின் (மஞ்சள் நிறமி) சேர்மத்தைச் சிதைக்க, பிரிந்துவந்த பிலிரூபின் கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது. நாளம் அடைபட்டால் சீழ், குளிர் ஜுரம், மஞ்சள் காமாலை. மாத்திரையில் அடங்கும், திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் நாளம் தழும்பேறிச் சுருங்கும். அதற்குப் பின்னால் மறுபடி கல் சேரும். கடைசியில் அந்தப் பகுதி ஈரலே சுண்டிப்போகிறது. சிலருக்கு அங்கேயே புற்றும் வருகிறது. அதனால்தான் கல்லை மட்டும் பொறுக்காமல், கெட்டுப்போன பகுதியையே வெட்டி எடுக்கிறார்கள்.

வெட்டும் வழிகள் மூன்று: விலா எலும்புக்குக் கீழே நீளமாகத் திறப்பது, நாலைந்து துளை வழியாக லேப்ராஸ்கோபி, ரோபோ. கல் இடது ஓரப் பகுதியில் (2, 3-ஆம் கூறுகள்) மட்டும் இருந்தால் இன்று லேப்ராஸ்கோபிக்கே முதலிடம். அந்தப் பகுதி மெலிசு, கைக்கு எட்டும் இடம். வயிற்றில் நிரப்பும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தமே சிறு ரத்தக் கசிவுகளை அடக்கிவிடும்.

வலது பக்கமோ, இரண்டு பக்கமுமோ என்றால் கதை வேறு. ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாய்க் கட்டைச் சுற்றி நாடா போட்டு, 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் தளர்த்தி வெட்டுவது ரத்தச் சேதத்தைக் குறைக்கும் பழைய உத்தி. அந்தக் கட்டை அழுத்தி ரத்தத்தைத் தடுக்கும் யோசனை 1908-இல் பிரிங்கிள் என்ற அறுவை மருத்துவர் சொன்னது. பல வருடம் சீழ்பிடித்து, ஏற்கெனவே ஓரிரு ஆபரேஷனும் ஆன வயிற்றில் அந்தக் கட்டைச் சுற்றி எல்லாம் ஒட்டிக் கிடக்கும். நாடாவை நுழைப்பதற்கே அரைப் பொழுது போய்விடும். அங்கே திறந்த அறுவையில் விரலால் தடவிப் பார்க்க முடிவது பெரிய வசதி. ரோபோவின் கருவிமுனை மணிக்கட்டு போல மடங்கும். ஆழத்தில் நாளத்தைத் தைக்க உதவும். ஆனால் பெரும்பாலான ரோபோக்களில் தொடு உணர்ச்சி கிடையாது, செலவு அதிகம்.

ஆய்வுகளைப் படித்தால் துளை வழி அறுவையில் ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம், கல் அகற்றுவதில் பெரிய வித்தியாசமில்லை என்றே பெரும்பாலும் வருகிறது. இதை அப்படியே விழுங்கக் கூடாது என்பது என் கட்சி. அவற்றில் பல, பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி எழுதியவை. சுலபமான நோயாளி துளைக்கும், சிக்கலானவர் கத்திக்கும் ஏற்கெனவே பிரிக்கப்பட்டுவிட்ட பிறகு எடுத்த கணக்கு அது. பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அதைத் தோல்வி என்று எழுதுவதிலும் எனக்குச் சம்மதமில்லை.

எந்த வழியில் வெட்டினாலும் மிச்சக் கல் இருக்கலாம். அறுவையின்போதே மெல்லிய கேமராவை நாளத்துக்குள் விட்டுப் பார்க்கிறார்கள். அப்படியும் தப்பியதை, பித்தநாளத்தில் டி-டியூப் என்ற வடிகுழாய் வைத்திருந்தால், சில வாரம் கழித்து அந்த வழியாகவே கேமரா செலுத்தி, மறுபடி வெட்டாமல் எடுத்துவிட முடியும்.