கறுப்பு மிஷினின் ஜாதகம்

2009 ஏப்ரலில் சவுதி அரேபியாவில் பழைய சிங்கர் தையல் மிஷின்களுக்குத் திடீர் யோகம் அடித்தது. அவற்றுக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறது, கிராம் கணக்கில் எடுத்து விற்றாலே கோடீஸ்வரராகிவிடலாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சோதிக்கவும் ஒரு வழி சொன்னார்கள். செல்போனை மிஷினின் ஊசியருகே கொண்டுபோனால் இணைப்பு அறுந்துவிட வேண்டும்; அறுந்தால் பாதரசம் உண்டு. ஒரு மிஷினுக்கு 2 லட்சம் ரியால் வரை கொடுக்க ஆள் இருந்ததாகவும், தையல் கடைகளில் புகுந்து மிஷின்களைத் தூக்கிக்கொண்டு போனதாகவும் செய்திகள் வந்தன. கடைசியில், இது மோசடி என்று போலீஸே அறிவிக்க வேண்டியிருந்தது.

அப்படியொரு பாதரசத்தை எந்தச் சோதனைக்கூடமும் கண்டதில்லை. மிஷினுக்குள் இருப்பதெல்லாம் வார்ப்பிரும்பு, எஃகு, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு.

புரளி இவ்வளவு தூரம் எடுபட்டதற்குக் காரணம், வீட்டு மூலையில் கிடக்கும் கறுப்பு மிஷின் எந்த ஊரில், எப்போது பிறந்தது என்று அதன் சொந்தக்காரருக்கே தெரியாததுதான். ‘பாட்டி காலத்தது, 150 வருஷமாவது இருக்கும்’ என்பார்கள். எண்ணைப் பார்த்தால் பல நேரம் பாட்டியைவிட மிஷினுக்கு வயது குறைவாக இருக்கும். பழைய மிஷின் சேகரிப்பவர்கள் யார் சொல்வதையும் நம்பி வயது கணிப்பதில்லை. மிஷினின் ஜாதகம் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது வரிசை எண். சிங்கர் மிஷினில் இது பெரும்பாலும் வலது பக்கம், சக்கரத்துக்குக் கீழே அடித்தட்டின் மேல் பதித்திருக்கும். பல வருட அழுக்கும் எண்ணெயும் இறுகிப்போய்க் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் மிஷின் எண்ணெய் விட்டு, பழைய பனியன் துணியால் துடைத்து, டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எண் எழுந்து வரும். முன்னால் எழுத்து ஏதும் இல்லாமல் எண் மட்டும் இருந்தால் அது 1900க்கு முந்தைய மிஷின். 1900இலிருந்து எண்ணுக்கு முன் ஓர் எழுத்து வந்தது; 1924இலிருந்து இரண்டு எழுத்துகளும் வரத் தொடங்கின.

எழுத்து சொல்வது பிறந்த ஊரை. ‘எஃப்’, ‘ஒய்’ இரண்டும் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் இருந்த கில்போவி தொழிற்சாலையின் எழுத்துகள். ‘எஃப்’ 1910களில் ஓடியது. ‘ஒய்’ 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும். அதற்குப் பிறகு அங்கிருந்து வந்தவை ‘இ’யில் தொடங்கும் இரட்டை எழுத்துக்காரர்கள். ‘ஜி’ என்றால் அமெரிக்காவின் எலிசபெத்போர்ட், ‘சி’ என்றால் ஜெர்மனியின் விட்டன்பெர்கே. இதில் ஏமாறும் இடமும் உண்டு. தனி ‘ஜே’ இருந்தால் மிஷின் ஸ்காட்லாந்தில் பிறந்தது. ‘ஜே’யுடன் இன்னோர் எழுத்தும் சேர்ந்தால் அது கனடாவின் செயின்ட் ஜான்ஸ் ஊர்க்காரர்.

இந்த எண்களுக்கான பட்டியல்களைச் சர்வதேசத் தையல் மிஷின் சேகரிப்பாளர் சங்கம் திரட்டி வைத்திருக்கிறது. ஆனால் அதில் கிடைக்கும் தேதியை மிஷின் பிறந்த நாளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கான எண்களை மொத்தமாக ஒதுக்கிக் கொடுத்த தேதி அது. மிஷின் சில மாதங்கள் கழித்தும் வெளியே வந்திருக்கலாம்.

கில்போவி சாதாரணத் தொழிற்சாலை இல்லை. 1885இல் திறந்தது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மிஷின்கள் அங்கிருந்து கப்பலேறின. அதன் கோபுரத்தில் நாலு பக்கமும் முகம் கொண்ட ராட்சதக் கடிகாரம் இருந்தது. ‘சிங்கர்’ என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் வந்தது. தொழிற்சாலை 1980இல் மூடப்பட்ட பிறகும் அந்த நிலையத்தில் ரயில்கள் நிற்கின்றன. 1911 மார்ச்சில் மரப்பெட்டிகளுக்கு மெருகேற்றும் பிரிவில் 12 பெண்கள், வேலைச்சுமையைக் கூட்டியதை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்காகச் சுமார் 11,000 பேர் வெளியே வந்தார்கள். ‘எஃப்’ எழுத்து மிஷின்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. இந்தியாவிலும் இலங்கையிலும் கிடைக்கும் பழைய சிங்கர்களில் பெரும்பாலானவை கில்போவியின் பிள்ளைகளே. மாடல் எண்ணுக்குப் பின்னால் வரும் ‘கே’, 28கே, 66கே, 99கே என்பதெல்லாம், கில்போவியைக் குறிப்பதுதான்.

அந்த மாடல் எண் பல பழைய மிஷின்களில் எழுதியிருக்காது. அதைக் கண்டுபிடிக்க, பாபின் இருக்கும் இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஊசிக்குக் கீழே முன்னும் பின்னுமாக இரண்டு பளபளப்பான தகடுகள் நகர்ந்து, உள்ளே தோட்டா போல நீண்ட உறை முன்னும் பின்னும் ஊசலாடினால் அது 27 அல்லது 28. இரண்டும் ஒரே குடும்பம். 28 முக்கால் அளவு. அந்த உறைக்குள் இருப்பது வட்டமான பாபின் அல்ல. இரண்டு முனையிலும் சிறு தட்டு வைத்த மெல்லிய கம்பி. வட்டமான பாபின் மேலிருந்து தட்டையாக உள்ளே இறங்கினால் 66. அதே அமைப்பு முக்கால் அளவில் இருந்தால் 99. பாபின் இடது ஓரத்தில் செங்குத்தாக நின்று, ஊசியில் நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டியிருந்தால் அது 15. இவை எல்லாவற்றுக்கும் மூத்தது 1865இல் வந்த 12. அதன் அடித்தட்டு ஃபிடில் வாத்தியம் போல இடுப்பு ஒடுங்கியிருக்கும்.

15இன் கதை சிங்கரோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் தொழிற்சாலைகள் அதே அமைப்பைப் பொதுத் தரமாக வைத்துக்கொண்டு, ஒருவர் செய்த பாகம் இன்னொருவர் மிஷினில் பொருந்தும்படி லட்சக்கணக்கில் செய்து தள்ளின. வாங்கிய வியாபாரிகள் ஆளுக்கொரு பெயரை ஒட்டி விற்றார்கள். கல்கத்தாவில் 1930களில் தொடங்கிய ஜே இன்ஜினீயரிங் தயாரித்த உஷாவின் கறுப்பு மிஷினும் இதே சாயல்தான். மிஷினின் கையில் மின்னும் பெயர் எதுவானாலும் பாபின் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் வம்சம் தெரிந்துவிடும்.

அடுத்தது பூவேலை. சிங்கர் மிஷின்களின் தங்க நிறச் சித்திரங்களை வைத்தே மாடலையும் ஊரையும் ஓரளவு சொல்லலாம். அமெரிக்காவில் செய்த 66இல் சிவப்பும் பச்சையும் கலந்த ‘சிவப்புக் கண்’ சித்திரம் இருக்கும். கில்போவியின் 66கே-யில் தாமரை. 27, 28 மாடல்களில் சிறகு விரித்த எகிப்திய ஸ்பிங்க்ஸ். துட்டன்காமன் கல்லறை 1922இல் திறக்கப்பட்ட பரபரப்பில் வந்த படம் இது என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே செய்த மிஷின்களில் ஸ்பிங்க்ஸ் உட்கார்ந்திருக்கிறது. சக்கரமும் தகடுகளும் நிக்கல் பளபளப்பு இல்லாமல் கறுப்பாக இருந்தால் போர்க்காலத் தயாரிப்பாக இருக்கலாம்; அப்போது நிக்கலுக்குத் தட்டுப்பாடு. தூணில் இருக்கும் பித்தளைச் சின்னத்தைச் சுற்றி நீல விளிம்பும் ‘1851–1951’ என்ற ஆண்டுகளும் இருந்தால் அது நிறுவனத்தின் நூற்றாண்டையொட்டி வந்தது. அந்த 1851ஐப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதிப்பவர்களும் உண்டு.

1851 என்பது ஐசக் மெரிட் சிங்கர் காப்புரிமை வாங்கிய ஆண்டு. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1846 செப்டம்பரில், எலியாஸ் ஹோவ் தன் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆளுக்கொரு காப்புரிமையை வைத்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். 1856இல் சிங்கர், வீலர் அண்ட் வில்சன், க்ரோவர் அண்ட் பேக்கர் ஆகிய நிறுவனங்களும் ஹோவும் தங்கள் காப்புரிமைகளைப் பொதுவில் போட்டுச் சமாதானமானார்கள். 1877 வரை மற்ற தயாரிப்பாளர்கள் இந்தக் கூட்டணிக்குக் கட்டணம் கட்டித்தான் மிஷின் செய்ய முடிந்தது. அதனால் அந்தக் காலத்து மிஷின்களின் தகட்டில் வரிசையாகக் காப்புரிமைத் தேதிகள் இருக்கும். அவற்றில் 1846 என்று கண்டால் அது ஹோவுக்குச் செய்த மரியாதை. மிஷினின் வயது, கடைசியாக உள்ள தேதிக்கும் பிற்பட்டது.

இத்தனை மிஷின்கள் வீடுகளுக்குள் வந்ததற்கு சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க்குக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். வழக்கறிஞரான அவர் 1856இல் தவணை முறையைக் கொண்டுவந்தார். கொஞ்சம் முன்பணம், பிறகு மாதாமாதம். கொழும்பு பெட்டாவில் 1877இல் சிங்கர் கடை திறந்தது. இந்தியாவில் நஸர்வான்ஜி மேர்வான்ஜி பட்டேல் என்ற பார்சிக்காரர் நிறுவனத்தின் வியாபாரத்தைப் பரப்பினார்.

இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியே இந்த மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, சிங்கர் தையல் மிஷினை நல்ல இயந்திரத்துக்கு உதாரணமாகச் சொன்னார் காந்தி. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் நம்பிய கதை. நிஜ சிங்கர் ஒரே நேரத்தில் பல குடும்பங்கள் நடத்தியவர். பிள்ளைகள் 20க்கும் மேல். கேள்வி கேட்ட ராமச்சந்திரன்தான் பின்னாளில் டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்.

சரி, விலை? கோடிக்கணக்கில் செய்த பொருளுக்கு வயது மட்டும் மதிப்பைக் கொடுத்துவிடாது. 100 வயதான 28கே-க்குக் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் அலங்காரப் பொருளின் விலைதான் கிடைக்கும். சேகரிப்பாளர்கள் தேடுவது வேறு. 1850, 60களின் ஆரம்பகால மிஷின்கள். ஆங்கில ‘ஜி’ எழுத்தைப் போல வளைந்து ஒற்றை நூலில் தைக்கும் வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ். 1933இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான, ஐந்து கிலோ எடையே உள்ள 221 ‘ஃபெதர்வெயிட்’. அதன் தம்பியாக, சட்டைக் கையைச் செருகித் தைக்க வசதியுள்ள 222கே. இது கில்போவியில் மட்டுமே வந்ததால் கிராக்கி அதிகம். இவற்றிலும் பூவேலை தேயாமல், பெட்டியும் உதிரிப் பாகங்களும் கூடவே இருந்தால்தான் நல்ல விலை.

விலையைக் கெடுப்பது பெரும்பாலும் துடைக்கிற கைதான். தங்கப் பூவேலையின் மேல் அரக்குப் பூச்சு ஒன்று இருக்கிறது. சாராயம் கலந்த திரவம் பட்டால் அது கரைந்து, தங்கம் வெள்ளிபோல வெளுத்துவிடும். தேய்க்கத் தேய்க்கப் படமே போய்விடும். மிஷின் எண்ணெயைத் தொட்ட மெல்லிய துணி, அவசரப்படாத கை, இவை போதும். சக்கரம் சுற்றவில்லை என்றால் சுத்தியலை எடுக்கக் கூடாது. நகரும் இடங்களில் எல்லாம் எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, மெல்ல அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

தைக்கவும் வேண்டும் என்று வாங்குகிறவர்கள் முதலில் ஊசியைப் பார்ப்பார்கள். 12க்கான ஊசி எளிதில் கிடைக்காது. 15, 27, 28, 66, 99 எல்லாம் ஒரே வகை ஊசியில் ஓடும். இன்றைக்கும் தையல் சாமான் கடையில் வீட்டு மிஷின் ஊசி கேட்டால் கொடுக்கும் பாக்கெட்டில் ‘15×1’ என்றோ ‘ஹெச்ஏ×1’ என்றோ போட்டிருக்கும். முதல் பெயர் சிங்கரின் 15இலிருந்து வந்தது. அடுத்தது அதை நகலெடுத்த ஜப்பான்காரர்கள் கொடுத்தது. ஊசி ஒன்றுதான், நூறு வருடத்துக்கு முந்தைய 28கே-யிலும் அப்படியே பொருந்தும்.