பிரசாரப் படம் பற்றி அசைன்மென்ட்டா? ஓசூர் மாணவர்கள் தொரப்பள்ளியில் இருந்தே தொடங்கலாம்!

‘பிரசாரப் படங்கள் குறித்து 1,500 சொற்களில் கட்டுரை எழுதுக.’

இப்படி ஒரு அசைன்மென்ட் வந்தால் பலரும் செய்வது ஒன்றுதான். கூகுளில் தேடி, ஹிட்லர் காலத்து போஸ்டர் ஒன்று, சோவியத் போஸ்டர் ஒன்று, விரலை நீட்டும் அமெரிக்க ‘அங்கிள் சாம்’ ஒன்று என எடுத்து ஒட்டிவிடுவார்கள். வகுப்பில் 40 பேர் இருந்தால் 40 கட்டுரையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஓசூர், கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு இதைவிட நல்ல வழி பக்கத்திலேயே இருக்கிறது.

தலைப்பை எங்கே தேடுவது?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. மதுவிலக்குப் பிரசாரத்துக்காகவே 1929-ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இருந்து ‘விமோசனம்’ என்ற இதழை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. 1937-ல் சென்னை மாகாண முதல்வரானதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். இன்றைய ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன.

அதே ராஜாஜி, 1938-ல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். எதிர்ப்பு வெடித்தது. அவர் தமிழ்த்தாய் மீது கத்தியை வீசுவதுபோல பெரியாரின் இயக்க ஏட்டில் கருத்துப்படம் வந்தது. அதுபோன்ற படங்கள் பேனர்களாக ஊர்வலத்திலும் வந்தன.

பிரசாரம் செய்தவரே பிரசாரப் படத்துக்கு இலக்காகவும் ஆனார். நம்ம ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையிலேயே இரண்டு பக்கமும் கிடைக்கிறது.

தலைப்பு ஓகே, கேள்வி எங்கே?

‘இந்தி எதிர்ப்பும் கருத்துப்படங்களும்’ என்பது தலைப்பு மட்டுமே. ‘ஒரு அரசாணையை எதிர்க்க, மொழியை ஏன் தாயாக வரைந்தார்கள்?’ என்பது கேள்வி. தலைப்பை வைத்து எழுதினால் தகவல் தொகுப்புதான் வரும். கேள்விக்குப் பதில் தேடினால்தான் கட்டுரை வரும்.

படம் ஒன்று போதும், அதிகபட்சம் இரண்டு. பத்துப் படங்களை எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக்கு மேல் எழுத முடியாது.

எப்படிப் பிரிப்பது?

1,500 சொற்களை இப்படிப் பிரிக்கலாம்:

• கண்ணில் படுவது (300): யார் எங்கே நிற்கிறார்கள், யார் பெரிதாக இருக்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது? விளக்கம் வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதவும்.

• பின்னணி (300): எந்த ஏடு, எந்த ஆண்டு, யார் வாசகர்கள்?

• படம் செய்யும் வேலை (500): இதுதான் கட்டுரையின் இதயம். அரசாணையை வரைய முடியாது, கத்தியை வரையலாம். படிக்கத் தெரியாதவருக்கும் ஒரே பார்வையில் கோபம் வரும்.

• படம் சொல்லாதது (250): 125 பள்ளிகள் என்ற அளவு அதில் இல்லை. அரசுத் தரப்பு வாதமும் இல்லை. சிறை சென்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், சிறைவாசத்தின்போது உயிரிழந்த நடராசன், தாளமுத்து ஆகியோரின் கதையை எந்த ஒற்றைப் படத்திலும் அடக்க முடியாது.

• முடிவு (150): 1940-ல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1960-களில் ராஜாஜியே இந்தித் திணிப்பை எதிர்த்தார். ஆனால் கத்தி வீசும் அந்தப் படம் மாறவில்லை. ஒரு மனிதரை ஒரு நொடியில் நிறுத்திவிடுவதுதான் பிரசாரப் படத்தின் பலம். பலவீனமும் அதுவே.

பலர் சறுக்கும் இடம்

படம் வந்தது, போராட்டம் நடந்தது, ஆகவே படத்தால்தான் போராட்டம் என்று எழுதுவது எளிது. நிரூபிப்பதுதான் கஷ்டம்.

கையை மடக்கிக் காட்டும் பெண் தொழிலாளி படம் நல்ல உதாரணம். ‘எங்களால் முடியும்’ என்ற பொருளில் வாசகம் கொண்ட அந்த அமெரிக்க போஸ்டரை 1943-ல் வரைந்தவர் ஹோவர்ட் மில்லர். அது பெண்களை வேலைக்கு அழைத்த போஸ்டர் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அது வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் தன் தொழிற்சாலைகளுக்குள், ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்காக, சில நாட்கள் மட்டும் ஒட்டியது. உலகப் புகழ் வந்தது 1980-களில்தான். சிப்காட் கம்பெனிச் சுவரில் ‘பாதுகாப்பே முதன்மை’ போஸ்டரைத் தினமும் தாண்டிப்போகும் அப்பா, அம்மாவுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும்.

இன்னொரு குழப்பம் சொல்லில் இருக்கிறது. ஆங்கிலப் புத்தகங்களில் ‘ப்ரோபகண்டா’ என்றால் பெரும்பாலும் கெட்ட பெயர். தமிழில் ‘பிரசாரம்’ அப்படி அல்ல. தேர்தலுக்கும் பிரசாரம், போலியோ சொட்டு மருந்துக்கும் பிரசாரம். எந்தப் பொருளில் எழுதுகிறோம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆதாரம் எங்கே கிடைக்கும்?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் பலவற்றை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். சென்னை சென்றால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. தமிழ்க் கருத்துப்படங்களின் தொடக்கத்தை அறிய, பாரதியின் ‘இந்தியா’ இதழ்ப் படங்களை ஆ.இரா.வேங்கடாசலபதி தொகுத்த நூல் உதவும்.

செலவே இல்லாத முதல் வேலை ஒன்று உண்டு. தேர்ந்தெடுத்த படத்தை, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு பத்து நிமிடம் பார்த்து, கண்ணில் பட்டதை எழுதி வைப்பது. கட்டுரையின் முதல் 300 சொற்கள் அங்கேயே கிடைத்துவிடும்.